மார்கழி வந்தாச்சு... சிங்க் ஜாக்கிரதை!



பொட்டிபுரம் தெரியுமா? தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர். நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க இங்குள்ள அம்பரப்பர் மலையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் செய்தித்தாள்களில் அடிக்கடி அடிபட்ட பெயர் இது.

ஆனால், இன்று நாம் பேசப்போவது நியூட்ரினோ பற்றி அல்ல. ரொம்பச் சாதாரணமான ஒரு விஷயம். சமையலறை சிங்க்!

மார்கழி மாத விடியற்காலை. ஏலக்காய் மலையிலிருந்து சில்லென்று காற்று இறங்குகிறது. தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டுப் பாதையில் ஏறுகின்றன. நீங்கள் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்க்கிறீர்கள். எண்ணெய் வரவில்லை! உள்ளே வெள்ளை வெளேர் என்று உறைந்து கிடக்கிறது. அதே நேரம் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல்: ‘‘ஐயய்யோ, சிங்க்குல தண்ணி இறங்கவே மாட்டேங்குதே!’’

உறைந்த எண்ணெய்க்கும், இறங்காத தண்ணீருக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. என்ன அது? வாங்க, பார்க்கலாம்.

உறையும் எண்ணெய்

தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். எண்ணெய்கள் எல்லாம் ஒரே வெப்பநிலையில் உறைவதில்லை. கடலை எண்ணெய் உறைய ஏறக்குறைய தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் வேண்டும். ஆனால், தேங்காய் எண்ணெய்க்கு 24 டிகிரியே போதும். நெய் அதற்கும் முன்னாலேயே கட்டியாகிவிடும். ஆட்டுக்கறிக் குழம்பின் மேல் மிதக்கும் கொழுப்பு இருக்கிறதே, அது குழம்பு ஆறும்போதே தட்டில் ஒட்டிக்கொள்ளும். ரேஷன் கடை பாமாயிலும் குளிரில் கலங்கி, அடியில் வெள்ளையாகப் படியும்.

சித்திரை, வைகாசி வெயிலில் இந்தத் தொல்லை குறைவு. குழாயே சூடாக இருப்பதால் எண்ணெய் உருகி ஓடிவிடும். மார்கழி, தை மாதங்களில் போடி வட்டாரத்தில் விடியற்காலை வெப்பநிலை சில நாட்களில் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும். போடியைவிட ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் இருக்கும் போடிமெட்டில் குளிர் இன்னும் அதிகம். பாட்டிலுக்குள் உறைகிற எண்ணெய், குழாய்க்குள் மட்டும் உறையாமல் இருக்குமா?

சிங்க்குக்குக் கீழே குனிந்து பாருங்கள். குழாய் நேராகப் போகாமல், ஓர் இடத்தில் வளைந்து போகும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடை நாற்றமும் பூச்சிகளும் வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். 1775ஆம் ஆண்டு அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் இப்படிப்பட்ட வளைந்த குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். இவர் யார் தெரியுமா? கடிகாரம் செய்பவர்!

நாற்றத்தைத் தடுக்கும் அந்த வளைவில்தான் எண்ணெய்ப் பிசுக்கும் முதலில் தங்குகிறது. இன்று ஒரு மெல்லிய படலம். நாளை அதன் மேல் நாலு சோற்றுப் பருக்கை. மறுநாள் டீத்தூள். அதற்கடுத்த நாள் கறிவேப்பிலை. குழாயின் வழி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, ஒருநாள் மூடியே போகிறது.

குழாய்க்குள் ஒரு ‘சோப்பு’!

‘எங்கள் வீட்டில் உறையாத கடலை எண்ணெய்தானே வாங்குகிறோம்? எங்களுக்குக் கவலை இல்லை’ என்று நினைக்கிறீர்களா? அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்புப் போட்டால் நுரைக்காமல், வெள்ளையாகத் திரிதிரியாக வருமே, பார்த்திருக்கிறீர்களா? தண்ணீரிலுள்ள கால்சியமும் சோப்பும் சேர்ந்து உண்டாக்கும் பொருள் அது. தண்ணீரில் கரையாது. குழாயிலும் இதேதான் நடக்கிறது. எண்ணெய், கழிவோடு சேர்ந்து கிடக்கும்போது சிதைந்து, கொழுப்பு அமிலங்களாக மாறும். அவை தண்ணீரிலும், சிமென்ட்டிலும், சுண்ணாம்பிலும் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து கெட்டியான ஒருவகை ‘சோப்பாக’ மாறிவிடும். அழுக்கைப் போக்காத, தானே அழுக்காகிப்போன சோப்பு! இது காரை மாதிரி ஒட்டிக்கொள்ளும். இதற்குக் குளிர்காலம், வெயில்காலம் என்ற பேதமே கிடையாது. குளிர் வந்தால் இதோடு உறைந்த கொழுப்பும் சேர்ந்துகொள்கிறது. அவ்வளவுதான்.

நாலு மாதம், நாலு காரணம்

நம் ஊரில் அடைப்புக்கு ஏற்ற காலம் ஐப்பசியிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

ஐப்பசி: தீபாவளி வந்துவிடும். அதிகாலையில் எண்ணெய்க் குளியல். எண்ணெய், சீயக்காய்த்தூள், உதிர்ந்த தலைமுடி எல்லாம் குளியலறைக் குழாய்க்குள் போகும். முறுக்கும் அதிரசமும் சுட்ட சட்டிகள் சிங்க்குக்கு வரும்.

கார்த்திகை: வடகிழக்குப் பருவமழை கொட்டும். மலைச்சரிவிலிருந்து மண்ணும் சருகும் அடித்து வரும். தெருச் சாக்கடை நிரம்பிவிட்டால் வீட்டுத் தண்ணீர் எங்கே போகும்? வந்த வழியே திரும்பும்!

மார்கழி: குளிர். எண்ணெய் உறையும். போதாததற்குக் குளிருக்குப் பயந்து தண்ணீரைக் குறைவாக ஊற்றிப் பாத்திரத்தை அவசர அவசரமாகக் கழுவுவோம்.

தை: பொங்கலுக்கு வெள்ளையடிப்போம். சுண்ணாம்பு கரைத்த வாளியைக் குளியலறையில் கழுவி ஊற்றினால், அதிலுள்ள கால்சியம் குழாய்க்குள்ளிருக்கும் கொழுப்போடு கைகோர்த்துக்கொள்ளும்.

ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான். நாலும் ஒரே குழாயில் சேர்ந்தால்?

லண்டனில் ஒரு கொழுப்பு மலை

சின்ன விஷயங்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று லண்டன் நகரம் பார்த்துவிட்டது. 2017 செப்டம்பரில், அங்கே வைட்சேப்பல் என்ற பகுதியில், தெருவுக்கு அடியில் ஓடும் பாதாளச் சாக்கடையில் ஒரு ராட்சசக் கட்டியைக் கண்டுபிடித்தார்கள். அதன் நீளம் 250 மீட்டர்! எடை 130 டன்! சமையல் எண்ணெயும் கொழுப்பும், கழிப்பறையில் போட்ட ஈரத்துடைப்பான்களும் சேர்ந்து கல்லாக இறுகிப் போயிருந்தன. பாதுகாப்பு உடை அணிந்த பணியாளர்கள் உயர் அழுத்த நீரைப் பாய்ச்சியும், மண்வெட்டியால் வெட்டியும் வாரக்கணக்கில் அதை அகற்றினார்கள். அதில் ஒரு துண்டைக் காயவைத்து, 2018இல் லண்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள்!

அந்த 130 டன்னை யார் போட்டது? ஒரு வில்லன் நடுராத்திரியில் லாரியில் கொண்டுவந்து கொட்டவில்லை. ஆயிரக்கணக்கான வீடுகளிலும் ஓட்டல்களிலும், ‘இந்த ஒரு கரண்டி எண்ணெய்தானே’ என்று ஊற்றினார்கள். அவ்வளவுதான்.

தண்ணீர் எங்கே போகிறது?

சிங்க்கில் ஊற்றினால் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ஆனால், காணாமல் போவதில்லை. தெருச் சாக்கடைக்குப் போகும். அல்லது செப்டிக் டேங்க்குக்குப் போகும். மழை பெய்தால் சாக்கடை ஓடையில் கலக்கும்.

குரங்கணி மலைப்பக்கம் பிறந்து, போடி வழியாக ஓடிவரும் கொட்டக்குடி ஆறு, தேனிப் பக்கம் போய் வைகைத் தண்ணீரோடு சேருகிறது. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்குவதும் இந்தத் தண்ணீர்தான். மதுரை மக்கள் குடிப்பதும் வைகைத் தண்ணீர்தான். மலையடிவாரத்தில் இருக்கும் நாம் விடும் தண்ணீருக்குக் கீழே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், பாருங்கள்!

அதே வைகை, மதுரையைத் தாண்டிக் கீழடிப் பக்கம் போகிறது. அங்கே 2019இல் நடந்த அகழாய்வில், தண்ணீர் போவதற்காக ஒன்றோடு ஒன்று பொருத்திய சுடுமண் குழாய்கள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னாலேயே, தண்ணீர் தங்குதடையில்லாமல் போக வழி செய்ய வேண்டும் என்று நம் முன்னோர் யோசித்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் குழாய் வைத்திருக்கும் நாம் அதை அடைக்கலாமா?

தேங்கிய சாக்கடை கொசுவுக்குத் தொட்டில். ஒரு சின்னத் தகவல்: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். சாக்கடையில் பெருகுவது க்யூலெக்ஸ் கொசு. யானைக்கால் நோயைப் பரப்புவது அதுதான். ஆக, தொட்டியையும் மூடவேண்டும். சாக்கடையையும் ஓடவிடவேண்டும்.

அடைத்தால் யார் இறங்குவது?

குட்டீஸ், இப்போது கொஞ்சம் கனமான விஷயம். கவனமாகப் படியுங்கள்.

சிங்க் அடைத்தால் அப்பாவோ அம்மாவோ சரி செய்துவிடுவார்கள். தெருச் சாக்கடையும் செப்டிக் டேங்க்கும் அடைத்தால்? யாரோ ஒருவரைக் கூப்பிடுவார்கள். அந்த ‘யாரோ ஒருவர்’ வீட்டிலும் உங்களைப் போலவே குழந்தைகள் இருப்பார்கள். சாயங்காலம் அப்பா வருவார் என்று வாசலில் உட்கார்ந்திருப்பார்கள்.

செப்டிக் டேங்க்குக்குள் மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயுக்கள் உண்டாகும். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை மாதிரி நாறும். ஆனால், அது அதிகமாகிவிட்டால் நம் மூக்கால் மணத்தையே உணர முடியாது. ‘நாற்றம் போய்விட்டது’ என்று தோன்றும்போதுதான் ஆபத்தே! இறங்கியவர் சில நொடிகளில் மயங்கி விழுவார். அவரைக் காப்பாற்றப் பதறி இறங்குபவரும் விழுவார். இப்படி ஒரே தொட்டியில் இரண்டு, மூன்று பேர் இறந்த செய்திகளை இதே நாளிதழில் பெரியவர்கள் படித்திருப்பார்கள்.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் தண்டனை உண்டு. சாக்கடைப் பணியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால், எத்தனை லட்சம் கொடுத்தாலும் அந்த வீட்டுக்கு அப்பா திரும்பி வருவாரா?

மனிதர் இறங்காமலே வேலையை முடிக்க இயந்திரங்கள் வந்துவிட்டன. கேரளத்து இளம் பொறியாளர்கள் பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்ய ஒரு ரோபோவை உருவாக்கினார்கள். 2018இல் அது திருவனந்தபுரத்தில் வேலையைத் தொடங்கியது. அதன் பெயர் ‘பேண்டிகூட்’. அப்படியென்றால் பெருச்சாளி! செப்டிக் டேங்க்குக்காகச் சென்னை ஐ.ஐ.டி.யும் ‘ஹோமோசெப்’ என்ற ரோபோவை உருவாக்கியிருக்கிறது.

எனவே, உங்கள் வீட்டில் செப்டிக் டேங்க்கைச் சுத்தம் செய்யப் பேச்சு வந்தால் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: ‘‘லாரிதான் வரணும். யாரும் உள்ளே இறங்கக் கூடாது!’’ இதற்காகவே 2020 நவம்பர் 19, உலகக் கழிப்பறை நாளன்று 14420 என்ற உதவி எண்ணை மத்திய அரசு அறிவித்தது.

அடைப்பே வராமல் பார்த்துக்கொண்டால்? யாரையும் கூப்பிட வேண்டிய அவசியமே குறைந்துபோகும். அந்த வேலையை நாம் செய்யலாம். நம் தட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

நாம் என்ன செய்யலாம்?

1. முதலில் துடை, பிறகு கழுவு! எண்ணெய்ப் பிசுக்குள்ள தட்டையும் வாணலியையும் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். துடைத்த தாள் குப்பைக் கூடைக்கு. (படித்து முடித்த பழைய சிறுவர் பக்கமும் உதவும். கோபித்துக்கொள்ள மாட்டோம்!) முக்கால்வாசித் தொல்லை இதிலேயே தீர்ந்துவிடும்.

2. பலகாரம் சுட்ட எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். கொஞ்சமாக இருந்தால் ஆறவைத்து, சாம்பலிலோ மரத்தூளிலோ ஊறவிட்டுக் குப்பையில் போடச் சொல்லுங்கள். ஓட்டல்களில் மிஞ்சும் எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக மாற்றும் திட்டத்தை 2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தொடங்கியது. வீணாகும் எண்ணெயில் வண்டி ஓடுகிறது!

3. சோற்றுப் பருக்கை, டீத்தூள், காய்கறித் தோல் எல்லாம் செடிக்கு உரம். சிங்க் ஓட்டையில் ஒரு வலை வடிகட்டி போட்டுவிட்டால் தப்பிப் போகாது.

4. குளியலறை ஜாலியில் சிக்கிய தலைமுடியை ஒவ்வொரு வாரமும் எடுத்துவிடுங்கள். எண்ணெய்க் குளியலுக்கு முன்பு தலையைச் சீவி, உதிர்ந்த முடியைக் குப்பையில் போடுங்கள். வீட்டில் முற்றமோ தோட்டமோ இருந்தால் வாழை மரத்துப் பக்கம் உட்கார்ந்து குளிக்கலாம். ஜாலியாகவும் இருக்கும்.

5. வெள்ளையடித்த வாளியைத் தோட்டத்து ஓரமாகக் குழி தோண்டிக் கழுவச் சொல்லுங்கள்.

6. மழைக்காலத்துக்கு முன்பே வீட்டு வாசலில் சருகைப் பெருக்கி எடுங்கள். சாக்லேட் தாள், ஷாம்பு பாக்கெட், பிளாஸ்டிக் பை எதையும் சாக்கடையில் போடாதீர்கள்.

7. பாத்திரம் கழுவி முடித்ததும் பெரியவர்களிடம் சொல்லி, கைபொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றச் சொல்லலாம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பி.வி.சி. குழாய் இளகிவிடும்.

எச்சரிக்கை: ஆசிட், காஸ்டிக் சோடா போன்றவற்றை நீங்கள் தொடவே கூடாது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் என்ற விஷ வாயு வரும். பெரியவர்கள்கூட இரண்டையும் ஒன்றாக ஊற்றக் கூடாது.

செய்து பாருங்கள்!

மூன்று சின்னக் கண்ணாடி பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தேங்காய் எண்ணெய், இன்னொன்றில் கடலை எண்ணெய், மூன்றாவதில் உருக்கிய நெய் ஊற்றி மூடுங்கள். மார்கழி இரவில் ஜன்னல் ஓரமாக வையுங்கள். (சமவெளியில் இருப்பவர்கள் ஃப்ரிட்ஜில் வைக்கலாம்.) காலையில் பாட்டில்களைச் சாய்த்துப் பாருங்கள். எது உறைந்தது, எது ஓடுகிறது என்று நோட்டில் எழுதுங்கள்.

அடுத்து, உறைந்த பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். உருகிவிடும். வெளியே எடுத்து மறுபடி குளிரில் வையுங்கள். மறுபடி உறைந்துவிடும்! இதிலிருந்து என்ன தெரிகிறது? வெந்நீர் ஊற்றினால் எண்ணெய் போய்விடுவதில்லை. கொஞ்ச தூரம் தள்ளிப் போய், ஆறியதும் மறுபடி உறைகிறது. நம் வீட்டு அடைப்பு பக்கத்து வீட்டு அடைப்பாக மாறுகிறது. அதனால்தான் முதல் விதியே ‘துடை, பிறகு கழுவு’.

பாட்டியிடம் கேளுங்கள்

அந்தக் காலத்தில் அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுப் பாத்திரம் தேய்ப்பார்கள். சாம்பல் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். கழுவிய தண்ணீர் குழாய்க்குள் போகாது. கொல்லைப்புறத்தில் வாழைக்கும், கல்வாழைக்கும், சேம்புக்கும் போகும். செடிகள் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். மண் அதை வடிகட்டிவிடும். கொல்லை இருக்கும் வீடுகளில் இன்றைக்கும் இதைச் செய்யலாம். உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். இன்னும் நாலு யோசனை சொல்லுவார்.

என்ன குட்டீஸ், தயாரா? இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் உங்கள் தட்டை நீங்களே எடுங்கள். ஒரு துண்டுப் பழைய பேப்பர். இரண்டு துடைப்பு. அரை நிமிஷ வேலை! நாளைக் காலை சிங்க்கில் தண்ணீர் ‘கடகட’வென இறங்கும். எங்கோ ஒரு வீட்டில் ஒரு அப்பா சாக்கடையில் இறங்காமல், சாயங்காலம் பத்திரமாக வீடு திரும்பவும் அந்த அரை நிமிஷம் உதவும்.